ஏகாதசியன்று பூண்டு வாசம்

அத்தியாயம் 6

"பூண்டு," என்றார் ராமசேஷன். சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று மாடிப்படிப் பக்கம் திரும்பியும் பார்த்துக்கொண்டார்.

காதில் விழுந்தது இரண்டே பேருக்கு. ஒருவர் துப்பறிவாளர் அய்யாதுரை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, தி.நகரில் அண்ணன் நடத்தும் பாத்திரக்கடையின் மாடியை ஆபீஸ் ஆக்கிக்கொண்டவர். இந்தப் பிழைப்புக்கு ரெண்டு குடம் விற்கலாமே என்று அண்ணன் தினம் ஒரு தரம் சொல்லாமல் விடுவதில்லை. மற்றவள் ரத்னா. டைப் அடிக்கத்தான் சைதாப்பேட்டையிலிருந்து வந்தாள். டைப்ரைட்டர் ரிப்பேராகி ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வாயடிப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை.

"பூண்டு காணாமப் போச்சா சார்?" என்றாள் ரத்னா.

"எங்காத்துல பூண்டே கிடையாதும்மா. எங்க தாத்தா நாள்லேர்ந்து மயிலாப்பூர்ல இருக்கோம். இன்னி வரைக்கும் பூண்டு வாசப்படி ஏறினதில்லை." ராமசேஷன் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "ஆனா என் ஆம்படையா மேல பூண்டு வாசனை அடிக்கிறது. மூணு வாரமா."

ரத்னா சிரிப்பை மறைக்க மேஜைக்கு அடியில் இல்லாத பென்சிலைத் தேடினாள். அய்யாதுரை மட்டும் கொலைக் கேஸ் கேட்பவர் முகத்தோடு நோட்டைத் திறந்தார்.

விஷயம் இதுதான். மனைவி பெயர் காமாக்ஷி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். ஐந்து வாரமாக, திங்கள் முதல் வெள்ளி வரை, மத்தியானச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு தி.நகருக்கு ஹிந்தி கற்றுக்கொள்ளப் போகிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ராமசேஷனின் தாயார் கூடத்தில் மூக்கைச் சுளித்தார். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

"அடுக்களைக்குள்ள விடமாட்டேன்னுட்டா அம்மா. இவளைக் கேட்டா, கண்ணால கூடப் பாக்கலைன்னு அழறா. ஏலக்காயை மென்னுண்டே இருக்கா. ஆவணியில என் தங்கை கல்யாணம். சம்பந்தி ஆத்துக்காரா வந்து போறா, அவா மூக்குல பட்டா என்ன ஆறது? நாளைக்குச் சாயங்கால வண்டியில இவளைக் கும்பகோணத்துக்கு, அவ அப்பா ஆத்துக்கு அனுப்பறதுன்னு முடிவாயிடுத்து. டிக்கெட் வாங்கியாச்சு. அதுக்குள்ள எனக்குத் தெரியணும். எங்கே சாப்பிடறா, யாரோட சாப்பிடறா."

அந்த 'யாரோட'வில் அவர் குரல் கொஞ்சம் இடறிற்று. ரத்னா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். மனுஷருக்குச் சந்தேகம் பூண்டின் மேல் இல்லை, அதைச் சாப்பிடும் எவன் மேலேயோ என்பது அவளுக்குப் புரிந்து போயிற்று. பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"வாசம் எப்ப ஜாஸ்தி?" என்று கேட்டார் அய்யாதுரை.

"நேரம் காலமே கிடையாது. கார்த்தாலயே இருக்கும்."

"வகுப்பு இல்லாத சனி, ஞாயிறு?"

"அப்பவும் உண்டு. போன ஏகாதசி ஞாயித்துக்கிழமை வந்தது. நாள் பூராச் சொட்டுத் தண்ணி பல்லுல படலை. அன்னிக்குச் சாயங்காலம் அம்மா ரேழியிலேர்ந்தே கண்டுபிடிச்சுட்டா."

அய்யாதுரை 'ஏகாதசி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

ராமசேஷன் படி இறங்கிப் போனதும் ரத்னாவின் பக்கம் திரும்பினார். "நீதான் சமையல் பண்ணுதவ. பூண்டு தின்னா எத்தனை நாளைக்கு மணக்கும்?"

"எங்க வூட்ல மீன் கொழம்புக்கு ஒரு முழுப் பூண்டு உரிப்பேன் சார். மறுநாள் பல்லு வெளக்கினா போயிடும். உரிச்ச வெரலு மட்டும் ரெண்டு நாளைக்கு வுடாது."

"அப்ப பட்டினி கிடக்கிறவ மேல சாயங்காலம் ஏன் மணக்கு?"

"சாமி கோச்சிக்கிச்சோ இன்னாவோ."

"மணம் தட்டுல இருந்து வரல. ஆளுக்குள்ள இருந்து வருது. நீ அவங்க விரலைப் பாரு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றே பதினொன்றரை மணிக்கு லஸ் பஸ் நிறுத்தத்தில் காமாக்ஷி நின்றுகொண்டிருந்தாள். மாம்பழ நிறச் சேலை, கையில் ஹிந்திப் புத்தகம், டப்பா வைத்த பை. தி.நகர் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. வேறு திசையில், அடையாறு போகும் பஸ் வந்தது. ஏறினாள். பின்னாலேயே ஏறிய ரத்னா பக்கத்து இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

வாசம் உண்மைதான். ஏலக்காயையும் மீறிக்கொண்டு குப்பென்று வந்தது.

"ஹிந்தி கத்துக்கிறீங்களா அக்கா? எங்க, ஒண்ணு சொல்லுங்க கேப்போம்."

காமாக்ஷி திடுக்கிட்டாள். "இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். 'இது தாமரை' வரைக்கும் வந்திருக்கு."

"எவ்ளோ நாளா?"

"அஞ்சு வாரமா."

"தாமரை பூத்து வாடியே போயிருக்கும்," என்று சிரித்த ரத்னா, பக்கம் புரட்டும் சாக்கில் அவள் கையோடு புத்தகத்தை வாங்கினாள். விரலில் சந்தன சோப்பு வாசம் மட்டும்தான். பூண்டு துளியும் இல்லை. ஆனால் நகங்களில் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். இரண்டு நகம் நுனியில் பிளந்திருந்தது. வகிடும் அந்த வயதுக்கு ரொம்ப அகலம்.

பஸ் பாலத்தைத் தாண்டியது. அடையாறில் காமாக்ஷி இறங்கினாள். எந்த ஹோட்டல் பக்கமும் திரும்பவில்லை. மர நிழலில் இருந்த ஒரு கேட்டுக்குள், தினம் போய்ப் பழகியவள் நடையோடு நுழைந்தாள். கேட்டில் 'அருள்நிலையம் மருத்துவமனை' என்று பெரிய பலகை. அதன் கீழே சின்னப் பலகையில் 'புற்றுநோய் சிகிச்சைப் பிரிவு' என்று இருந்தது.

ரத்னாவின் வாயில் தயாராக இருந்த கேலி எல்லாம் அப்படியே நின்று போயிற்று.

கால் மணி கழித்து, பஸ்ஸின் பின்னாலேயே கிளம்பிய அய்யாதுரையின் ஸ்கூட்டர் வந்து சேர்ந்தது. கடைசி இரண்டு பர்லாங் அவர்தான் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரத்னா நகத்தைப் பற்றியும் முடியைப் பற்றியும் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, நேரே அந்தப் பிரிவின் தலைமை டாக்டர் வஜீஹாவின் அறைக்குள் போனார். ஐம்பது வயது டாக்டர். வெள்ளைக் கோட்டுப் பையில் மூன்று பேனா.

"என் நோயாளியைப் பத்தி அவங்க புருஷனுக்கே சொல்லமாட்டேன். உங்களுக்குச் சொல்லுவேனா? போயிட்டு வாங்க," என்றார் வஜீஹா.

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன். மூணு வாரமா மூச்சுல பூண்டு மணம். பட்டினி கிடந்தாலும் மணக்கு. நகத்துல வெள்ளைக் கோடு. முடி கொட்டுது."

டாக்டர் எழுந்தே விட்டார். "எத்தனை வாரம்னீங்க?"

"மூணு."

"அல்லாவே," என்று மறுபடி உட்கார்ந்தார். போகச் சொன்னவரே இப்போது கதவைச் சாத்தச் சொன்னார். "யாருன்னு நான் சொல்லலை, நீங்களே கண்டுபிடிச்சதா இருக்கட்டும். இங்க வர்ற பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில புற்று. அதுக்கு வைத்தியம் கோபால்ட் கதிர், முடிவுல ரேடியம். நோயை அடிக்கிறது அதுதான். கூடவே அஞ்சு பேருக்கு நான் ஒரு சோதனை பண்றேன். செலினியம்னு ஒரு தாது. சாப்பாட்டுலயே இருக்கு. உடம்புக்குத் தேவை, ஆனா ஊசி முனையில தொட்டுக்கிற அளவுகூட வேண்டாம். அதைத் தினம் ஒரு காப்ஸ்யூலாக் கொடுத்தா, கதிர் வைத்தியத்துக்கு ஒத்தாசையா இருக்குமான்னு பார்க்கிறேன்."

"இருக்கா?" என்றாள் ரத்னா.

"தெரியாது. தெரிஞ்சா எதுக்கம்மா சோதனை? ஆனா ஒண்ணு தெரியும். அளவு மிஞ்சினா அது விஷம். மூச்சுல பூண்டு வாசம் வரும். அப்புறம் நகம், முடி. அதுக்கும் மேல போனா நரம்பைப் பிடிக்கும். நான் கொடுக்கிற ஒண்ணுல இதெல்லாம் வரவே வராது. தினம் நாலஞ்சு முழுங்கினாத்தான் வரும்."

"மூணு வாரமா உங்களுக்கு அந்த வாசனை தெரியலையா?" என்று கேட்டார் அய்யாதுரை.

வஜீஹா ஜன்னல் வழியாகப் பெண்கள் காத்திருக்கும் ஹாலைக் காட்டினார். "டிபன் டப்பா திறக்கிற நேரம். அந்த ஹால்ல யார் மேல பூண்டு வாசம் அடிக்கலைன்னு சொல்லுங்க பார்ப்போம். எனக்கே இன்னிக்கு பிரியாணி."

டாக்டர் மருந்து அலமாரியைத் திறந்து எண்ணினார். ஒரு காப்ஸ்யூல்கூடக் குறையவில்லை. வாரா வாரம் ஐந்து பெண்களுக்கும் ஐந்து பொட்டலம். ஐந்தும் காலியாகத் திரும்பி வந்திருக்கின்றன. அய்யாதுரை பொட்டலங்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு மோவாயைத் தடவ ஆரம்பித்தார். அவர் மோவாயைத் தடவினால் அரை மணியாகும். ரத்னாவுக்குப் பசி. நழுவி ஹாலுக்கு வந்தாள்.

நீள பெஞ்சில் நான்கு பெண்கள் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஐந்தாவதாகக் காமாக்ஷி. பஸ்ஸில் பார்த்த பெண்ணை இங்கே பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வா கண்ணு, குந்து. யாருக்குத் துணைக்கு வந்துகீற?" என்று இடம் விட்டாள் நடுவில் இருந்தவள். பெயர் தாயம்மா. சைதாப்பேட்டை ஆற்றங்கரை. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். தானே நோயாளி என்பதை மறந்துவிட்டு, ஹாலில் இருக்கிற எல்லாரையும் கவனித்துக்கொள்கிற மனுஷி. ஒரே பேட்டை என்று தெரிந்ததும் ரத்னாவின் கையில் நெத்திலி வறுவல் வந்து விழுந்தது.

"அந்த அக்காவுக்குக் குடுக்கலயா?" என்று ரத்னா காமாக்ஷியைக் காட்டினாள்.

"அது அய்யரு வூட்டுப் பொண்ணு. தயிர் சோறு, எலுமிச்சங்கா ஊறுகா. தெனமும் அதேதான். ஒரு மீன் முள்ளைக்கூடக் கண்ணால பாத்ததில்லயாம். அத்த நெனச்சாத்தான் வவுறு எரியுது." சொல்லிக்கொண்டே தாயம்மா இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். ஒரு காப்ஸ்யூலைக் காமாக்ஷியின் உள்ளங்கையில் வைத்தாள். அடுத்தவள் ஒன்று வைத்தாள். அதற்கடுத்தவள் ஒன்று. நாலாமவளும் ஒன்று. காமாக்ஷி தன்னுடையதையும் சேர்த்துக்கொண்டு, தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்தாள்.

ரத்னா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐந்தும் தரையில் உருண்டன. சொம்பும் கூடவே உருண்டது.

"இன்னாடி பண்ற!" என்று தாயம்மா எகிறினாள்.

"நீ இன்னா பண்ற பெரீம்மா? ஒன் மருந்த நீ துன்னாம ஏன் இதுக்குக் குடுக்கற?"

"எனுக்கு எதுக்குடி? டாக்டரம்மா அவங்க வாயாலயே சொன்னாங்களே. இதுல கீற சத்து மீனுல கீது, முட்டைல கீது, ஈரல்ல கீதுன்னு. நாங்கதான் தெனம் துன்றோமே! இது பாவம், வெறும் தயிரு. இதுக்கு எங்கேர்ந்து வரும் சத்து? அதான் நாங்க நாலு பேரும் பேசிக்கினு, எங்களுத எல்லாம் இதுக்குனு வுட்டுட்டோம். மொதல்ல மாட்டேன்னுதான் அழுதுச்சு. நான்தான் வுடல."

அதே நொடியில் அறைக் கதவு படாரென்று திறந்தது. "ஒருத்திக்கு மட்டும் மிஞ்சுதுன்னா, மத்த நாலு பேரும் சாப்பிடவே இல்லன்னு அர்த்தம்!" என்று கத்திக்கொண்டு அய்யாதுரை ஓடி வந்தார். பின்னால் டாக்டர்.

"நெத்திலி ஆறுது சார். கேஸு முடிஞ்சி அஞ்சு நிமிசம் ஆச்சி," என்றாள் ரத்னா.

வஜீஹா தரையில் கிடந்த காப்ஸ்யூல்களைப் பொறுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். தாயம்மாவுக்குக் கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. "அப்ப நாங்களே இதுக்கு வெஷத்த ஊட்டிக்கினு இருந்தோமா?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஊட்டினது நீ இல்லை தாயம்மா, நான். மீன்ல இருக்குன்னு சொன்னேனே, யாரும் யாருக்கும் கொடுக்காதீங்கன்னு சொன்னேனா? என் சோதனையையே அஞ்சு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டுட்டீங்க, போங்க." திட்டுகிற மாதிரிதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கை தாயம்மாவின் தோளில் இருந்தது. "இன்னியோட நிறுத்தியாச்சு. சில வாரத்துல வாசம் போயிடும். முடியும் வளரும். இப்போவாவது தெரிஞ்சுதே." பிறகு காமாக்ஷியிடம் திரும்பினார். "யாரும்மா இதைக் கண்டுபிடிச்சது?"

"என் மாமியார்," என்றாள் காமாக்ஷி.

"அந்த மூக்கை எங்க லேபுக்குக் கடன் தருவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். காமாக்ஷி மட்டும் சிரிக்கவில்லை. அய்யாதுரை தாங்கள் யார், யார் அனுப்பி வந்தோம் என்பதை மறைக்காமல் சொல்லி முடித்ததும், புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை ரேடியம். மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வேண்டும். தாளின் கீழே கணவர் கையெழுத்துக்கு விட்ட இடம் ஒரு வாரமாக வெறுமையாகவே இருந்தது.

"நாளைக்கு என்னைக் கும்பகோணத்துக்கு அனுப்பறா. போனா இது நின்னு போயிடும். தெரியறது. ஆனா எப்படிச் சொல்லுவேன்? நாத்தனார் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. ஆத்துல இந்த வியாதின்னு தெரிஞ்சா சம்பந்தி ஆத்துக்காரா விலகிடுவா. அதுவும் எந்த இடத்துல வந்திருக்கு பாருங்கோ. அவர் என்னைப் பார்த்து முகம் சுளிச்சுட்டார்னா, அதுக்கப்புறம் நான் பொழைச்சுத்தான் என்ன?"

"இத்த நிறுத்தினா?" என்று ரத்னா டாக்டரைக் கேட்டாள்.

"ஆரம்பத்துலயே வந்தாங்க. முழுசா முடிச்சா நல்லா ஆகறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. பாதியில விட்டா நான் எதுவும் சொல்ல முடியாது."

பிடிபட்ட திருடனிடம் பேசத்தான் அய்யாதுரைக்கு வரும். ரத்னாதான் காமாக்ஷியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவரு இப்ப இன்னா நெனச்சிக்கினு கீறாரு தெரியுமா? பூண்டு துன்ற எவன் வூட்டுக்கோ நீங்க தெனம் போறதா. வாய் வுட்டுச் சொல்லல. எனுக்குப் புரிஞ்சிச்சு. நோவுன்னு தெரிஞ்சாக்கூடத் தாங்கிக்குவாரு, இந்தச் சந்தேகத்த வெச்சிக்கினு எப்டிக்கா தூங்குவாரு?"

காமாக்ஷிக்கு அது உறைக்க ஒரு நிமிடம் பிடித்தது. காது வரை சிவந்தது. பிறகு எழுந்து, யாரும் சொல்லாமலே டாக்டர் அறைக்குள் போனாள். அவளே டெலிபோனைச் சுழற்றுகிற சத்தம் வெளியே கேட்டது.

முக்கால் மணியில் டாக்சியில் வந்து இறங்கினார் ராமசேஷன். ஆபீஸ் பைல் கக்கத்தில் அப்படியே இருந்தது. ஹாலில் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் மூக்கு சுருங்கிற்று. டாக்டர் அவரை உள்ளே அழைத்துப் போனார். வெளியே வரும்போது மனுஷர் பத்து வயது கூடியவராகத் தெரிந்தார். பைலை உள்ளேயே மறந்துவிட்டார்.

காமாக்ஷி நிமிரவில்லை. "கிட்ட வராதேங்கோ. வாசனை அடிக்கும்," என்றாள்.

அவர் தாளை வாங்கினார். டாக்டரின் மூன்று பேனாவில் ஒன்றைக் கேட்டு வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போறது. டிக்கெட்டைக் கிழிச்சுடறேன்." தாளை அவள் மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அஞ்சு வாரமா இந்தக் கதிர் வைத்தியமெல்லாம் பண்ணிண்டு, திரும்பி வர்ற பஸ்ல நீ தனியாவா வந்தே?"

"தனியா இல்லை," என்றாள் காமாக்ஷி. "தாயம்மா தினம் மயிலாப்பூர் வரைக்கும் வந்து என்னை இறக்கிவிட்டுட்டுத்தான் சைதாப்பேட்டைக்குப் போவா."

ராமசேஷன் அப்போதுதான் அந்த நான்கு பெண்களையும் பார்த்தார். கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். அது பாதியிலேயே முகத்துக்குப் போய் மூடிக்கொண்டது. ரத்னா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு சாமி நின்னுக்கினு அழுவுற? குந்திக்கினு அழு," என்றாள் தாயம்மா.

அவள் டப்பாவை மடிக்கு இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவர் ஒடுங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.